செக்கரம்மா காரில் ஏற்றிய பூனை

கம்பெனியில் அவளை எல்லோரும் செக்கரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, கோணல் காலர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே வேலைதான். குறையே இல்லாத சட்டை வந்தால் அவளுக்குச் சந்தேகம் கூடிவிடும். உள்பக்கத்தைத் திருப்பி இன்னொரு முறை பார்ப்பாள். வீட்டிலும் அப்படித்தான். காய்கறிக்காரர் தானாக விலையைக் குறைத்தால் வாங்க மாட்டாள். நாத்தனார் போன் செய்து நலம் விசாரித்தால், வைத்த பிறகு, "எதுக்கு அடி போடுறான்னு தெரியலையே" என்பாள்.

அவள் கணவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம். வீட்டில் மூன்றாவது ஆள் ஒரு சாம்பல் நிறப் பூனை. அடுத்தவர்கள் வேலை செய்வதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். அது பக்கத்தில் வந்தாலே அவருக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும்.

கம்பெனியை அடுத்த மாதம் வேறு ஊருக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். காரில் போனால் காலையில் கிளம்பிச் சாயங்காலம்தான் போய்ச் சேரலாம்.

"பூனைய மாடி வீட்டுக்காரங்ககிட்ட விட்டுடலாம்" என்றார் கணவர். "கார்ல ஏத்துனா கத்தியே உயிரை வாங்கும்."

"அது வராத ஊருக்கு நானும் வரல."

"சரி, வரட்டும்" என்றார் அவர் உடனே. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

அடுத்த வாரம் அவர் ஒரு பிளாஸ்டிக் கூண்டு வாங்கிவந்தார். அதன் கதவைக் கழற்றிவிட்டு, ஹாலின் மூலையில் வைத்தார். அவளுடைய பழைய நைட்டி ஒன்றை எடுத்து உள்ளே விரித்தார். பூனையின் தட்டைக் காலால்கூடத் தள்ளாத மனுஷன், மீன் துண்டைக் கையால் எடுத்துக் கூண்டுக்குள் வைத்தார்.

"என்ன, திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது?"

"சும்மா. பழகட்டும்னுதான்."

சும்மா என்று யாராவது சொன்னால் அவள் நம்பியதே கிடையாது. தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை எரிகிற நெருப்பில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்.

"அக்கா, உஷாரா இரு. எங்க வீட்டுக்காரரும் நாய்க்குட்டிய இப்படித்தான் தடவித் தடவிக் குடுத்தாரு. மறுநாள் பாத்தா நாயைக் காணோம். கேட்டா, ஓடிப்போச்சுன்னுட்டாரு."

ஒருநாள் அவள் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பினாள். ஹாலில் கூண்டு இல்லை. வாசலில் காரும் இல்லை. மேனேஜரையும் காணோம். வாசலிலேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் கார் வந்தது. பின் சீட்டில் கூண்டு, அதன்மேல் ஒரு துண்டு, உள்ளே மேனேஜர்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"பெட்ரோல் போட."

"அதுக்குப் பூனை எதுக்கு? அது போய் பேரம் பேசுமா?"

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவள் காருக்குள் எட்டிப் பார்த்தாள். பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டை ஒட்டித்தான் நின்றது.

இரண்டொரு நாள் கழித்து, துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. ஒன்றில் பாதி இல்லை. மருந்துக் கடையில் காட்டிக் கேட்டாள். "இது மனுஷங்க மருந்து இல்லீங்க" என்றார் கடைக்காரர். அவள் வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தாள். சாப்பாட்டின் போதெல்லாம் கணவர் முகத்தை, சந்தேகப்பட்ட சட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

கிளம்புகிற நாள் வந்தது. சாமான்கள் முதல் நாளே லாரியில் போய்விட்டன.

"அதுக்குச் சாப்பாடு வைக்காத. வெறும் வயிறா இருக்கட்டும்" என்றார் அவர். பிறகு ஒரு மாத்திரையைத் துளி வெண்ணெயில் புதைத்து, பூனையின் தட்டில் வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் அவள் அந்த வெண்ணெயை வழித்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கிண்ணம் நிறைய மீனை எடுத்து மேனேஜருக்கு வைத்தாள். அது ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்றது.

கூண்டைப் பின் சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, மேலே துணியைப் போர்த்தினார் அவர். கூண்டுக்குப் பக்கத்தில், பின் சீட்டிலேயே அவள் உட்கார்ந்தாள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மேனேஜர் ஊளையிட ஆரம்பித்தது. பிறகு வாந்தி எடுத்தது. ஓரமாக நிறுத்தித் துடைத்தவர் திகைத்துப்போனார்.

"வெறும் வயித்துல எப்படி இவ்வளவு வருது?"

அவள் ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தல் நின்றபாடில்லை. திடீரென்று அவர் பெரிய சாலையை விட்டு, மரங்கள் அடர்ந்த ஒரு குறுகிய சாலையில் காரைத் திருப்பினார். ஒரு ஈ காக்கை இல்லை.

"எதுக்கு இங்க திரும்புறீங்க?"

"லாரிச் சத்தத்துல பயப்படுது. நிழல்ல கொஞ்ச நேரம் நிறுத்துனா அடங்கும்."

அவள் நம்பவில்லை. கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூண்டைத் திறந்து பூனையை வாரி அணைக்கப் பார்த்தாள். மிரண்டுபோன மேனேஜர் அவள் தோளைக் கீறிக்கொண்டு முன்பக்கம் பாய்ந்து, அவர் கால்களுக்கு நடுவே, பிரேக்குக்கு அடியில் புகுந்துகொண்டது. அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்தார். கார் புல்லில் உரசிக்கொண்டே போய் நின்றது.

அவள் கை கதவுப் பிடிக்குப் போயிற்று.

"திறக்காத! திறந்தா ஓடிடும். அப்புறம் தேடிப் பிடிக்க முடியாது!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. கை அப்படியே நின்றது. தொலைக்க நினைப்பவர் இப்படியா கத்துவார்?

அவர் பூனையைப் பிடித்து இழுக்கவில்லை. கூண்டிலிருந்த நைட்டியை வாங்கிக் காலடியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். நாலைந்து முறை தும்மினார். வெகுநேரம் கழித்து மேனேஜர் தானாக நகர்ந்து அந்தத் துணிமேல் சுருண்டது. துணியோடு சேர்த்து அள்ளிக் கூண்டுக்குள் வைத்தார். அவர் புறங்கையில் நகம் கீறிய ரத்தக் கோடு.

"அந்த மாத்திரை என்னது?" என்றாள் அவள்.

"வாந்தி வராம இருக்க, பயம் தெளிய. கால்நடை டாக்டர் குடுத்தாரு. ஒத்துக்குதான்னு போன வாரமே பாதி குடுத்துப் பாத்தேன்."

"தொட்டியில போட்டுட்டேன். மீனும் வச்சேன்."

"எவ்வளவு?"

"கிண்ணம் நிறைய."

அவர் அவளையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"பெட்ரோல் போடப் போனது?"

"தினம் கொஞ்ச தூரம் ஓட்டிப் பழக்குனேன். சொன்னா நீ அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பே."

"எதுக்கு இத்தனை பாடு?"

"வழி முழுக்க அது கத்துனா நீ அழுவே. நீ அழுதா எனக்கு ரோடு தெரியாது."

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையைக் கழுவி, கைக்குட்டையால் கட்டினாள். பிறகு கூண்டைத் துணியால் மூடி, ஒரு விரலை மட்டும் கம்பிக்குள் விட்டுக்கொண்டாள். ரேடியோ போடவில்லை, வளைவுகளில் அவர் மெதுவாகத் திருப்பினார். முனகி முனகி மேனேஜர் தூங்கிவிட்டது. இரண்டொரு முறை அது மூச்சு விடுகிறதா என்று துணியை விலக்கிப் பார்த்தாள்.

புது வீட்டில் ஒரே ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மேனேஜர் மறுநாள் வரை பீரோவுக்குப் பின்னாலேயே கிடந்தது. மத்தியானம் பசி வந்து வெளியே தலை நீட்டி, சுவரோரமாகவே நடந்து ஒவ்வொரு மூலையாக முகர்ந்தது. கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தவள் சைகை காட்டிக் கணவரைக் கூப்பிட்டாள். அவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.