சுவரடியில் ஓர் ஓட்டை

எங்கள் வீடு கட்டிய இடத்திலேயேதான் இருக்கிறது. தெருதான் ஏறிக்கொண்டே போகிறது. படியேறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது இறங்கித்தான் போகவேண்டும். தூத்துக்குடியை அழகாக்குகிறோம் என்று வரும் ஒவ்வொருவரும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற என் முழங்காலுக்கு இந்த அழகு ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டுச் சுற்றுச்சுவரின் அடியிலும் ஓர் ஓட்டை, அதை அடைத்தபடி ஒரு செங்கல். மழை வலுத்தால் மேற்கே இருப்பவர்கள் கல்லை உருவிவிட்டு அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுப்பார்கள். "கல்ல எடுங்க!" என்ற சத்தம் வீடு வீடாகக் கிழக்கே போகும். பின்னாலேயே தண்ணீரும் முற்றம் முற்றமாகக் கடந்து உப்பளத்து ஓடையில் விழும். சேறு வரும், சில சமயம் பாம்பும் வரும். ஆனால் தண்ணீர் எந்த வீட்டிலும் தங்காது.

கிழக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கினார். முற்றத்தில் சரளைக் கொட்டி மேடாக்கினார். ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசினார். கேட்கப் போனேன்.

"அதான் புதுசா வாய்க்கா போட்டுட்டாங்கள்லா அண்ணாச்சி, இனி ஓட்ட எதுக்கு?"

தெருவோரம் போட்ட அந்தப் புது வாய்க்காலின் விளிம்பு எங்கள் முற்றத்தைவிட உயரம். அதைச் சொல்லியும் பார்த்தேன். "பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றார். யார் பார்ப்பது என்று சொல்லவில்லை.

என் மகன் ஃபோன் செய்யும்போதெல்லாம் வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கு வரச் சொல்வான். என் மனைவி வெடுக்கென்று ஃபோனை என்னிடம் கொடுத்துவிடுவாள். அவளுக்கு இந்த வீடுதான் எல்லாம். எனக்கு அவள் அப்படி நினைப்பதுதான் தெம்பு.

அடுத்து வந்த பெருமழையில் வாய்க்கால் நிரம்பி எங்கள் பக்கமே திரும்பி வழிந்தது. கிழக்கே போக வழியில்லாமல் தண்ணீர் கூடத்துக்குள் ஏறியது. கட்டில் கால்களுக்குக் கீழே செங்கற்களை அடுக்கினோம். அவள் மேலே ஏறிக் கால்களை மடக்கி உட்கார்ந்து, மிதக்கும் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, வித்துட்டுப் போயிருவமா?"

அவள் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கிழக்குச் சுவர்ப் பக்கம் தொம் தொம் என்று சத்தம். "தள்ளி நில்லுங்க அண்ணாச்சி! செவுரு சாயுது!" பக்கத்து வீட்டுத் தம்பிதான், கையில் கடப்பாரை. எங்கள் பக்கம் தேங்கிய தண்ணீர் சுவரைத் தள்ளியிருக்கிறது. விழுந்தால் அவருடைய மோட்டார் மேல் விழும். இரக்கத்தில் இடிக்கவில்லை, பயத்தில் இடித்தார். எப்படியோ, பூசிய இடம் உடைந்தது. தண்ணீர் அவர் கொட்டிய சரளையும் வாரிக்கொண்டு போனது. திட்டிக்கொண்டே கிழக்கே திரும்பி, "கல்ல எடுங்க!" என்று அவர்தான் கத்தினார்.

தண்ணீரே வராத ஊராக்கப் போகிறார்களாம், கடலோரத்தில் தாழ்ந்து கிடக்கிற ஊரை. வந்த தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்க ஆளில்லை. எங்கள் தெருவுக்கு அது தெரிந்திருந்தது. ஒவ்வொரு வீடும் கொஞ்சம் நனைந்தால் ஒரு வீடும் மூழ்காது. அதைத்தான் சிமெண்ட் வைத்துப் பூசினோம்.

உடைத்த இடத்தில் இப்போது குழாய் பதித்திருக்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. அதன் வாயில் வைக்கச் செங்கல்லும் அவரே கொண்டுவந்தார். தெருமுனையில் மறுபடியும் ரோடு போட ஜல்லி இறக்கியிருக்கிறார்கள்.

விற்கிற பேச்சை அவள் பிறகு எடுக்கவே இல்லை. ஆனால் தரை காய்ந்து இத்தனை மாதமாகியும், கட்டில் கால்களுக்குக் கீழே வைத்த செங்கற்களை எடுக்க விடமாட்டேன் என்கிறாள்.