பிள்ளை வராமல் எழுந்திருக்காத உபதேசியார்

அருள்தாஸ் உபதேசியார் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது சபையார் அல்ல, சுனிதா. பீகாரிலிருந்து இங்கே மில் வேலைக்கு வந்தவள். "அக்கா, ஐயா போயிட்டாவ" என்று நம் ஊர்த் தமிழிலேயே சொல்லிவிட்டு அழுதாள். அவளும் அழ, நானும் அழ, வெகுநேரம் இருவரும் போனை வைக்கவில்லை.

புதூர்ப் பக்கத்துச் சின்னக் கோயிலில் ஐயா ஜெபம் நடத்தியதையும், மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்பில் ஒட்ட ஒட்ட வீடு வீடாகப் போனதையும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். எனக்கு அவர் அறிமுகமானது நான் செய்த ஒரு தப்பினால். அதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு மனம் இல்லை.

அப்போது கோவில்பட்டிக்கு வெளியே ஒரு மில்லில் நான் பெண்கள் விடுதி வார்டன். சுனிதாவும் அவள் புருஷன் விக்ரமும் மூன்று வயது மகள் முன்னியோடு வந்து, மூவருக்கும் ஒரே அறை கேட்டார்கள். நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். தாலி இல்லை. வகிடு நிறையக் குங்குமம் இருந்தது, கை நிறைய வளையல் இருந்தது. அவர்கள் ஊரில் அதுதான் தாலி என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. "இவிய புருஷன் பொண்டாட்டி மாதிரி தெரியல சார், பிள்ள யாருதோ" என்று மானேஜரிடம் சொன்னேன். அவர் புகார் சொல்ல, மறுநாளே குழந்தைகள் நல அதிகாரிகள் வந்து முன்னியைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சுனிதா கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது.

விஷயம் எப்படியோ உபதேசியாருக்கு எட்டியது. மில் வாசலில் ஒருவர், "அவிய நம்ம சபைகூட இல்லையே, உங்களுக்கு எதுக்கு ஐயா இந்த வேலை?" என்றார். "யோசேப்பும் மரியாளும் பச்சப்பிள்ளயத் தூக்கிட்டு எகிப்துக்குப் போனாவல்லா? அங்கன எவனாவது ஆம்பளைக்குத் தனி ரூம், பொம்பளைக்குத் தனி ரூம், பிள்ளைக்குக் காப்பகம்னு சொல்லியிருந்தா நமக்குச் சபை ஏது வே?" என்று கேட்டார் ஐயா.

பிறகு நேராக என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்து நின்றேன். "ஏட்டி, நீ சொன்ன வார்த்தைய நீதான் போய் எடுக்கணும். கிளம்பு" என்றார். அவ்வளவுதான்.

ஐயா முன்னால் அந்த அதிகாரியின் ஆபீஸுக்குப் போனார். பிள்ளை இவர்களுடையதுதான் என்று அவர்கள் ஊரிலிருந்து கடிதம் வர வேண்டும், நாளாகும் என்றார் அதிகாரி. ஐயா எதிரே உட்கார்ந்தார். "கடிதம் மெதுவா வரட்டும் சார். அதுவரைக்கும் அந்தப் பிள்ள யாரைப் பாத்து அம்மான்னு கூப்பிடும்? அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க, எந்திச்சுப் போயிருதேன்." அதிகாரி ஃபைலைப் புரட்டினார். ஐயா எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் இதே கதை. முதல் பஸ்ஸில் வருவார், ஆபீஸைப் பூட்டும்போது போவார். நான் கிளம்புவதற்குள் மானேஜர் என்னைக் கூப்பிட்டு, வாயைத் திறந்தால் வேலை இருக்காது என்றார். பயந்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் அங்கே போய், நான் சொன்னது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிகாரி சுனிதாவின் ஊர்த் தலைவரைப் போனில் பிடித்துப் பேசினார். சாயங்காலம் முன்னி வந்தாள். வேறு வழியில்லாமல் மில்லும் அவர்களுக்கு ஒரே அறை கொடுத்தது. எனக்கு வேலை போனது. போகட்டும்.

அடக்கத்தன்று ஒருவர், "வடக்கத்தியானுக்காக அலைஞ்சே உடம்பக் கெடுத்துக்கிட்டாரு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அலையாம வீட்டுலயே இருக்க நீங்க மட்டும் சாகாமலா இருக்கப் போறீய?" என்று அங்கேயே கேட்டுவிட்டேன். கேட்டதற்கு எனக்கு வருத்தமில்லை.

ஐயாவைப் போல ஜெபிக்க எனக்கு வராது. அவருடைய பிடிவாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது இன்னொரு மில்லில், ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பதியை ஆளுக்கொரு விடுதியில் போட்டு, கைக்குழந்தையை ஊருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் நானும் சுனிதாவும் அங்கே போகிறோம். அந்த மில்காரர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: உபதேசியார் செத்துவிட்டார் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்.