சீட்டு நிரம்பாமல் போன சவாரி

சடையப்பன் என் அண்ணன் மகன். என் மகள் ரேணுகாவைக் கட்டியதால் எனக்கு மருமகனும் ஆகிறான். நாலு பேர் எதிரில் அவனை 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவேன். கோபம் தலைக்கேறினால் மட்டும் 'டா' வந்துவிடும். இந்தக் கதையில் என் வாயிலிருந்து எத்தனை 'டா' வருகிறதோ, அத்தனை தடவை எனக்கு வயிறு எரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு வயது ஐம்பத்தொன்று. திருப்போரூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகப் படூர் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். காலையில் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூ சாத்துவான். தன் தலையைச் சீவ மறந்துவிடுவான். வண்டியில் எட்டு சீட்டு. எட்டும் நிரம்பினால்தான் ஸ்டாண்டை விட்டு நகருவான். ஆள் கிடைக்காமல் அரைகுறையாக நகர வேண்டி வந்துவிட்டால், வழியில் கை காட்டினவர் ஒருத்தரையும் விடமாட்டான். காசுக்காக என்று சொன்னால் பொய். அவன் மண்டைக்குள் வேறு ஒரு கணக்கு ஓடுகிறது.

"கை காட்டுனவங்கள நிக்க வச்சிட்டு போனா, அந்தக் கை நம்ம வூடு வரைக்கும் பின்னாடியே வரும் அத்த. சோறு எறங்காது" என்பான்.

ரேணுகாவுக்கு இரண்டாவது பிரசவ வலி எடுத்த அன்றைக்கு அவன் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். செங்கண்மாலில் இரண்டு பூக்காரிகள் கை காட்டினார்கள். வண்டி நின்றது. இவன் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் நகந்து உக்காரு ரேணு, பின்னாடி எடம் கீது பாரு" என்றான். அந்தப் பூக்காரிகளில் ஒருத்தி வழியெல்லாம் என் மகளுக்கு இடுப்பைப் பிடித்துவிட்டாள் என்பதும் உண்மைதான். ஆனால் ரேணுகா அந்தச் சொல்லை இன்றுவரை மறக்கவில்லை. சண்டை வரும்போதெல்லாம் அதை எடுத்து நீட்டுவாள்.

ஸ்டாண்டில் அவனுக்கு ஆகாத ஆள் ஒருத்தி உண்டு. பெயர் கண்ணகி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொந்தமாக வண்டி வாங்கிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தினாள். அவள் நாலு பேர் ஏறினாலே கிளம்பிவிடுவாள்.

"சீட்டு ரொம்பாம ஓட்றதுக்குப் பேரு ஷேர் ஆட்டோவா? மாப்ள ஊர்வலம்" என்று இவன் சொல்வான்.

"அண்ணாத்த, நீ எட்டு தலைய எண்ணி முடிக்கறதுக்குள்ள நான் படூர் போய்ட்டு வந்து, நாஸ்தா துன்னுட்டு, பல்லு குத்திகினு கீறேன்" என்று அவள் சொல்வாள்.

இந்தப் பேச்சு முற்றி, ஆறு மாசமாக இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

போன ஆடிக் கிருத்திகை அன்றைக்குத்தான் நடந்தது. திருப்போரூரில் முருகனைப் பார்க்க வந்த கூட்டம் தெருவெல்லாம் வழிந்தது. எங்கே பார்த்தாலும் காவடி. விடிந்ததிலிருந்து இவன் நாலு நடை போய் வந்துவிட்டான். ஐந்தாவது நடைக்கு வரிசையில் நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இதெல்லாம் பக்கத்து வண்டிக்காரன் காசிநாதன் பிற்பாடு எனக்குச் சொன்னது.

"மாரு மேல யாரோ ஏறி உக்காந்துகினு கீற மாரி கீது மச்சான்."

"இன்னாடா துன்ன?"

"நாலு இட்லி, ஒரு வடை. கேஸா இருக்கும்."

பன்னீர் சோடா ஒன்று குடித்தான். ஏப்பம் வரவில்லை. இன்னொன்று குடித்தான். இடது கை வலித்தது. தாடையும் வலித்தது. கைவலிக்கு வண்டி ஹேண்டில் மேல் பழி போட்டான். தாடை வலிக்கு யார்மேல் போடுவது என்று தெரியாமல் விழித்தான். சட்டை மழையில் நனைந்ததுபோல வேர்வையில் ஒட்டிக்கொண்டதும், காசிநாதன் அவனைத் தரதரவென்று பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அங்கே இருந்த டாக்டரம்மா உடனே ஈசிஜி எடுத்தார். "இது கேஸ் இல்லீங்க, ஹார்ட் அட்டாக். இதயத்துக்கு ரத்தம் போற குழாய் ஒண்ணு அடைச்சிருக்கு. நிமிஷத்துக்கு நிமிஷம் உள்ள சதை செத்துக்கிட்டிருக்கு. அடைப்பை எடுக்கற வசதி கேளம்பாக்கம் தாண்டி ஆஸ்பத்திரியில இருக்கு. ஆம்புலன்ஸ் கூப்பிடறேன். நீங்க கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாது" என்று சொல்லி, மாத்திரைகளைக் கையில் கொடுத்து மென்று விழுங்க வைத்தார்.

மென்றான். விழுங்கினான். டாக்டரம்மா போனில் பேச அந்தப் பக்கம் திரும்பினார். ஆம்புலன்சுக்கு வழி ஒதுக்க காசிநாதன் தெருமுனைக்கு ஓடினான். நம்ம ஆள் கட்டிலை விட்டு எழுந்தான். வாசலில் இருந்த பெண்ணிடம், "வண்டி கியூவுல குறுக்க நிக்குதும்மா. ஓரமா வுட்டுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஈசிஜி தாளையும் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

வண்டியை ஓரம் கட்டத்தான் போனானாம். போய்ப் பார்த்தால் அவன் முறை வந்திருக்கிறது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய நாலு பேர் ஏறி உட்கார்ந்து, "போலாமா?" என்று கேட்கிறார்கள். ஏறி உட்கார்ந்தவர்களை எப்படி இறக்கிவிடுவது? ஆஸ்பத்திரியும் அந்த வழிதான், சவாரியும் அந்த வழிதான். மீதி நாலு சீட்டை வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துவிட்டான்.

காலவாக்கத்தில் கீரைக் கூடையோடு நின்றுகொண்டிருந்தவள் நான். கேளம்பாக்கம் மார்க்கெட்டுக்குத் தினமும் அவன் வண்டியில்தான் போவேன். ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"இன்னா மாப்ளே, குளிச்சிட்டு தொவட்டாம வந்துட்டியா?"

"ஒண்ணுமில்ல அத்த. இத்த பத்திரமா வச்சிக்க" என்று அந்தத் தாளை என் மடியில் போட்டான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. தாளில் எறும்பு ஊர்ந்ததுபோலக் கோடு கோடாக இருந்தது. ஏதோ வண்டி காகிதம் என்று நினைத்தேன். அவனுக்கு வேர்க்கிறதே என்று அதையே எடுத்து விசிறிக்கொண்டு வந்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் பேத்தி இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாள். எழுதுடி, அதையும் எழுது. தப்பு செய்தது அவன் மட்டும் இல்லை.

செங்கண்மாலில் சுவேதா கை காட்டினாள். நெஞ்சுக்குள் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, அப்போதும் இவன் கால் தானாகப் போய் பிரேக்கை மிதிக்கிறது! சுவேதா அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்களுக்குத் தினப்படி சவாரி. பின்னால் ஏறி உட்கார்ந்து பத்து வீடு தாண்டியிருக்காது, என் கையில் ஆடிக்கொண்டிருந்த தாளைப் பார்த்துவிட்டாள்.

"ஆயா, அதை இப்படிக் குடுங்க. யாரோடது இது?"

"மாப்ளதும்மா."

தாளைப் பார்த்தாள். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். "அண்ணா, வண்டிய நிறுத்துங்க!"

"ஏம்மா, இப்பதான ஏறுன? எறங்கணுமா?"

"நான் இல்லண்ணா, நீங்க எறங்கணும்."

விஷயத்தை அவள் உடைத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. வண்டி ஓரமாக நின்றது. ஆனால் இவன் சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பத்து நிமிசம்தாம்மா. நானே போய்ட்றேன். இன்னும் ரெண்டு சீட்டு காலியா கீது, தையூர்ல ரொம்பிடும்."

"ஓட்டும்போதே இதயம் நின்னுடுச்சுன்னா, உங்களோட சேர்ந்து நாங்க ஆறு பேரும் லாரிக்கு அடியிலதான். தெரியுதா?"

அப்போதும் சாவி வரவில்லை. நான் கீழே இறங்கினேன். கீரைக் கூடையை முன் சக்கரத்துக்கு எதிரில் வைத்தேன். அதன் பக்கத்தில் நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏத்துடா."

"அத்த, பேஜார் பண்ணாத. லாரி வருது."

"வரட்டும். உனக்குப் பொண்ணு குடுத்த கையிது. ஏத்திட்டு போடா."

அப்போது அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பிடிவாதத்தில் அவன் எங்கள் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் அதில் நான் அவனுக்கு மூத்தவள். சாவியை எடுத்து நீட்டினான். இறங்கும்போது சரிந்தான். மொட்டைத்தலைக்காரர்கள் நாலு பேரும் தாங்கிப் பிடித்தார்கள்.

சுவேதா போன் போட்டுக் கேட்டாள். ஆம்புலன்ஸ் திருப்போரூரில் காவடிக் கூட்டத்துக்குள் இவனைத் தேடி நின்றிருந்தது. திரும்பி வரக் கால்மணி ஆகும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து, நாலு பேரை ஏற்றிக்கொண்டு கண்ணகி வண்டி வந்தது. நான் எழுந்து இரண்டு கையையும் காட்டினேன். போகிற வேகத்தில் எட்டிப் பார்த்து நிறுத்தினாள்.

"இன்னா ஆயா, உங்க மாப்ள வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாதாண்டி கீது. மாப்ளதான் ரிப்பேரு."

அவளுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் வண்டியில் இருந்தவர்கள் தாங்களாகவே இறங்கிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் தன் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தார். சடையப்பனைச் சாய்த்து உட்கார வைத்து, நானும் சுவேதாவும் ஏறினோம். கண்ணகி எடுத்த எடுப்பில் என் கீரைக் கூடை பின்னாலேயே நின்றுவிட்டது. சுவேதா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஈசிஜியைப் படம் பிடித்து அனுப்பி, எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று சொன்னாள்.

வழியில் இரண்டு பேர் கை காட்டினார்கள். கண்ணகி நிற்கவில்லை.

"ரெண்டு" என்றான் இவன், கண்ணை மூடிக்கொண்டே... இல்லை, அரைக் கண்ணில் பார்த்திருக்கிறான்.

ஏரிக்கரை ஓரம் மூன்று பேர். "அஞ்சு."

"அண்ணாத்த, எனக்கு நீ ஒரு சீட்டு போதும். வாய மூடிகினு சாஞ்சிக்க" என்றாள் கண்ணகி.

தையூரில் கூட்டமாக நின்று கை காட்டினார்கள். அவனிடமிருந்து சத்தம் வரவில்லை. அதுவரைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. அவன் தோளைப் பிடித்து, "மாப்ளே, நாலு பேரு கை காட்டுனாங்கடா" என்றேன். உதடு மெல்ல அசைந்தது.

"அஞ்சு அத்த... இடுப்புல ஒரு கொழந்த."

சுவேதா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். ஜெயக்குமார் என்கிற டாக்டர் என்னிடம் ஒரு தாளைக் காட்டி, "நெஞ்சைக் கிழிக்கப் போறதில்லம்மா. மணிக்கட்டு வழியா ஒரு மெல்லிசான குழாயை இதயம் வரைக்கும் விடுவோம். அடைச்ச இடத்துல சின்ன பலூனை ஊதித் திறப்போம். மறுபடி மூடாம இருக்க வலை மாதிரி ஸ்டென்ட் ஒண்ணு வச்சிடுவோம். ஆபத்தே இல்லைன்னு சொல்ல முடியாது. தாமதிச்சா அதைவிட ஆபத்து" என்றார். சடையப்பன் படுத்தபடியே கையெழுத்துப் போட்டான். வீட்டார் யார் என்று கேட்டார்கள். ரேணுகா வந்துகொண்டிருந்தாள். நான் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினேன். அவனைப் பார்த்து, "போடா, போய்ட்டு வாடா" என்றேன்.

உள்ளே நடந்ததைச் சுவேதா சொன்னாள். மயக்க மருந்தெல்லாம் இல்லை, மணிக்கட்டில் மட்டும் மரத்துப்போக ஊசி. ஆள் விழித்துக்கொண்டே படுத்திருக்கிறான். பக்கத்துத் திரையில் அவன் இதயத்து ரத்தக்குழாய்கள் கிளை கிளையாகத் தெரிகின்றன. ஒன்று பாதியில் நின்றுவிட்டிருக்கிறது. டாக்டர் அதற்குள் கம்பியை நகர்த்துகிறார். இவன் சும்மா இருப்பானா?

"சார், லெப்ட்ல ஒரு சந்து கீது பாருங்க."

"அண்ணே, இந்த வண்டிய நான் ஓட்டறேன். நீங்க பேசாம சவாரி வாங்க."

சற்று நேரத்தில் நின்றுபோயிருந்த குழாயில் ரத்தம் ஓடியதாம். மார்மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போய்விட்டான் என்று இவனே சொன்னானாம்.

வெளியே வந்த டாக்டர், "பெரும்பகுதி தப்பிச்சிடுச்சு. ஒரு ஓரம் மட்டும் சோர்ந்து போயிருக்கு. மருந்தை விடாம சாப்பிட்டா தேறும். ஆனா கிளினிக்ல படுக்கச் சொன்னவரு வண்டி ஓட்டிட்டு வந்தாரு பாருங்க, அது தப்புக்கும் மேல. அவர் செத்திருக்கலாம், மத்தவங்களையும் கொன்னிருக்கலாம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மருமகனுக்காக நான் தலைகுனிந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

ரேணுகா அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். உள்ளே விட்டதும் அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "பின்னாடி எடம் இருந்துச்சா மாமா?"

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் சொல்லும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று கட்டளை. கண்ணகிதான் வண்டி கொண்டுவந்தாள். பின்சீட்டில் ரேணுகா, நான், நடுவில் அவன். கேளம்பாக்கம் தாண்டும் வரைக்கும் கண்ணகி யாருக்கும் நிற்கவில்லை. இவனும் எண்ணவில்லை. வெளியே பார்க்காமல், கட்டுப்போட்ட மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தையூரில் ஒரு பருத்த அம்மாள், பக்கத்தில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு கை காட்டினாள். கண்ணகி அதையும் தாண்டப் போனாள்.

"கண்ணகி" என்றான் இவன். ஆறு மாசத்துக்குப் பிறகு அவள் பெயரை அன்றைக்குத்தான் சொன்னான். "இப்ப இன்னாம்மா அவசரம்? அஞ்சு சீட்டு காலியா கீது."

கண்ணாடியில் அவனை முறைத்தாள். ஆனாலும் நிறுத்தினாள்.

அந்த அம்மாள் பலாப்பழத்தை முதலில் ஏற்றினாள், பிறகு மூச்சிரைக்கத் தானும் ஏறினாள். உட்கார இடம் தேடி, எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, இவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இன்னாப்பா அகலமா உக்காந்துகினு கீற? கொஞ்சம் நகந்து உக்காரு. எடம் கீது பாரு."

ரேணுகா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சடையப்பன் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நகர்ந்து உட்கார்ந்தான்.