கண்ணாயியின் குருந்தக்கல்

மலைமேல் தேவனூர் நாட்டில் கண்ணாயியைக் கோபக்காரி என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் அவளுடைய அரிவாள் தீட்டும் கல்லை இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தராதவர்கள்.

கல்யாணத்தின்போது அவளோடு வந்த கல் அது. மலைக்கு ரோடு வராத காலம். அவள் தகப்பன் மிளகு மூட்டையைச் சுமந்துகொண்டு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கியபோது, பரமத்திப் பக்கத்து ஆள் ஒருவனிடம் மிளகைக் கொடுத்து மாற்றி வந்தது. அந்தப் பக்கம் காடு உழும்போது ஏர்க்கொழுவில் இடறும் குருந்தக்கல். தேங்காயளவு இருக்கும், சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், ஒரு பக்கம் தட்டை. மலைக்கல் எதில் தீட்டினாலும் கல்தான் குழிந்துபோகும். இதில் தண்ணீர் தெளித்து நாலு இழுப்பு இழுத்தால் எந்த மொண்ணை அரிவாளும் பளபளத்துவிடும்.

அதுதான் வினையாகப் போயிற்று. சாமை அறுப்பன்று காலையில் கல்லைத் தேடினால் வீட்டில் இருக்காது. அவள் புருஷன் செங்கோடனுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது.

"ஏனுங்க, கல்லு எங்கீங்க?"

"யாரோ கேட்டாங்க, குடுத்தேன்."

"யாருன்னு கூடவா தெரியாது?"

அவன் தலையைச் சொறிவான். அவள் வீடு வீடாக ஏறி இறங்குவாள். ஒருமுறை பக்கத்து வீட்டு ராசப்பன் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தான். "காத்துல கதவு அடிச்சுக்குது புள்ள, அதான்" என்றான், ஏதோ அவளுக்கு உபகாரம் செய்தவன் மாதிரி. அவள் கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அந்த வருஷம் மிளகு வாங்க அடிவாரத்திலிருந்து குப்புசாமி வந்தான். மிளகு வாங்குவதோடு பெண்களுக்கு வளையலும் பாசியும் கல் வைத்த தோடும் விற்பவன். அவள் வாசலில் உட்கார்ந்து மோர் குடித்தவன், ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கி வெயிலில் பிடித்தான். பல வருஷம் தீட்டித் தேய்ந்த இடத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தது.

"அம்மிணி, இதும் மாணிக்கமும் ஒரே சாதிங்க. செவப்பா, தெளிவா வந்தா மாணிக்கம். நீலமா வந்தா நீலக்கல்லு. கலங்கிப் போனா சாணைக்கல்லு. வைரத்தத் தவுர இதைக் கீற ஒண்ணும் கெடையாது."

"அப்படீங்களா?" என்று செங்கோடன் வாயைப் பிளந்தான்.

குப்புசாமிக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. தன் மூட்டையிலிருந்து சிவப்புக்கல் தோடு ஒன்றை எடுத்துக் குருந்தக்கல்லின் முனையால் கீறிக் காட்டினான். தோட்டில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. அசல் மாணிக்கக் கெம்பு என்று சொல்லி அவன் விற்றுக்கொண்டிருந்த தோடு அது. கோட்டைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"உள்ள மாணிக்கம் இருக்குமுங்களா?" செங்கோடன் விடவில்லை.

"இருந்தாலும் இருக்கும்" என்று தோட்டைத் துடைத்தபடியே சொன்னான் குப்புசாமி.

அந்த ஒரு வார்த்தை போதும். சாயங்காலத்துக்குள் ஊரே வாசலில் நின்றது. இத்தனை நாள் கல்லைக் கொண்டுவந்து கொடுக்க நேரமில்லாதவர்களுக்கெல்லாம் இன்றைக்கு நேரம் இருந்தது.

"என் கொடுவாள் தீட்டித் தீட்டித்தானே அந்தச் செவப்பே வெளிய வந்துச்சு? எனக்கும் அதுல பாத்தியதை உண்டு" என்றான் ராசப்பன்.

"நாங்களுந்தான் தீட்டினோம்" என்று பின்னாலிருந்து குரல்கள் எழுந்தன.

கண்ணாயி புருஷனைப் பார்த்தாள். அவனாவது ஒரு வார்த்தை பேசுவான் என்று எதிர்பார்த்தாள்.

"எல்லாரும் பிரிச்சுக்கிட்டாப் போவுது" என்றான் அவன்.

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. எங்க அப்பன் சுமந்த மிளகு, எங்க அப்பன் நடந்த நடை. இவர்கள் தேய்த்ததற்குப் பங்கா? ராசப்பன் கையோடு சம்மட்டியும் கொண்டுவந்திருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் ஏறியது. யாராவது தொடட்டும் பார்க்கலாம் என்று கல்லை வாசலோரப் பாறைமேல் வைத்தாள். சம்மட்டியை அவளே பிடுங்கினாள்.

"ஒடைக்கிறதா இருந்தா நாந்தான் ஒடைப்பேன். எல்லாரும் தள்ளி நில்லுங்க!"

மூன்றாவது அடியில் பாளம் பாளமாகப் பிளந்தது. உள்ளே சிவப்புத்தான். ஆனால் பச்சைக் கறித்துண்டு மாதிரி மங்கலான சிவப்பு. குப்புசாமி ஒவ்வொரு துண்டாக வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். எதிலும் வெளிச்சம் ஊடுருவவில்லை.

"மாணிக்கம் இல்லீங்க. சாணைக்கல்லுதான்."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு துண்டைப் பொறுக்கிக்கொள்ள மறக்கவுமில்லை. கூட்டம் கலைந்தபோது பாறைமேல் மீந்தது நொறுங்கலும் தூளும்தான். சம்மட்டியைக் கூட ராசப்பன் ஞாபகமாக எடுத்துப் போய்விட்டான்.

குப்புசாமிக்கு மனசு கேட்கவில்லை. "அம்மிணி, கீழ்நாட்டுல சாணைக்காரங்க இந்தத் தூளை அரக்குல கொழச்சுத்தான் சக்கரம் செய்யறாங்க. வீணாக்கிராதீங்க" என்றான்.

"நீங்க வாயை மூடிட்டு மோரைக் குடிச்சிருந்தா இந்தத் தூளே வந்திருக்காதுங்களே" என்றாள் அவள். அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஆனாலும் அவள் தூளைக் கூட்டி அள்ளினாள். காட்டு மரத்தில் சுரண்டிய அரக்கை உருக்கி, தூளைக் கலந்து, செங்கோடன் செதுக்கிக் கொடுத்த பலகைமேல் கனமாக அப்பினாள். முதல் பலகை உதிர்ந்தது. அரக்கைக் கூட்டி அப்பிய இரண்டாவது நின்றது. பழைய கல்லைவிட அதில் அரிவாள் நன்றாகவே கூரேறியது. மற்றவர்கள் கொண்டுபோன துண்டுகளோ கைக்கு அடங்காமல் விரலைத்தான் கிழித்தன.

பலகையைச் சுவரோடு சேர்த்து நாலு ஆணி அடித்து இறுக்கச் சொன்னாள். செங்கோடன் அடித்தான்.

அறுப்புக்கு முந்தின நாள் ராசப்பன் வந்து நின்றான். "அந்தப் பலகையைக் கொஞ்சம் கழட்டிக் குடு கண்ணாயி."

"கழட்ட முடியாதுங்க மாமா. தீட்டறதுன்னா இங்கயே தீட்டிட்டுப் போங்க."

அவன் உட்கார்ந்து தீட்டினான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் அரிவாளோடு வந்தார்கள். தீட்டி முடித்தவர்களும் எழுந்திருக்கவில்லை. பேச்சு மழையைப் பற்றிப் போயிற்று, பிறகு மிளகு விலையைப் பற்றி. செங்கோடன் அடுப்படிக்கு வந்து, எல்லோருக்கும் களி பத்துமா என்று மெதுவாகக் கேட்டான்.

கண்ணாயி கையிலிருந்த களித்துடுப்பைச் சட்டிக்குள் போட்டாள். கேழ்வரகு மாவை இன்னொரு படி அள்ள எழுந்தாள், வாய்க்குள் எல்லோரையும் வைதுகொண்டே.