பருப்பு வேகாத வீடு

வாடகைக்கு விடுவதற்கென்றே நாங்கள் வாங்கிய முதல் வீடு, தூத்துக்குடியில் துறைமுகச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்தது. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் கிணறு. நாங்களே அப்போது வாடகை வீட்டில்தான் இருந்தோம். மகளின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்ததால் அங்கேயே இருந்துகொண்டு, வாங்கிய வீட்டில் ஆள் வைத்து, வரும் வாடகையில் வங்கித் தவணையைக் கட்டலாம் என்பது திட்டம்.

கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் சரக்குப் பட்டியல் சரிபார்ப்பது என் வேலை. எதையும் இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த வீட்டை ஆறு தடவை பார்த்தேன். கூரை ஒழுகுகிறதா என்று தெரிய வேண்டும் என்பதற்காக மழைக்காலத்தையே தேர்ந்தெடுத்தேன்: கார்த்திகையில் நான்கு முறை, மார்கழியில் இரண்டு முறை. எந்தச் சுவரில் ஈரம் கோர்க்கிறது, பஸ் நிறுத்தத்துக்கு எத்தனை நிமிட நடை, எல்லாம் டைரியில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரையும் ஆறு தடவை குடித்துப் பார்த்து, ஆறு தடவையும் ‘நல்ல தண்ணீர்’ என்று எழுதியிருக்கிறேன்.

பத்திரம் முடிந்து, வெள்ளையடித்து, ‘வீடு வாடகைக்கு’ என்று பலகை மாட்டியபோது பங்குனி பிறந்துவிட்டது.

முதலில் லாரி புக்கிங் ஆபீஸ்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். அவர் அறைகளைப் பார்த்தார். அந்த அம்மா நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டுத் துப்பினார்.

“அண்ணாச்சி, இதுல பருப்பு வேவுமா?”

“வேகும்மா. நல்ல தண்ணி.”

“வேவ வச்சுப் பாத்தியளா?”

இல்லை என்று தலையாட்டினேன். அந்த அம்மா கணவரிடம் திரும்பி, “வாங்க, போவோம். இங்கன குடியிருந்தா சிலிண்டரு பூரா பருப்புக்கே போயிரும்” என்றார்.

அவர்கள் போனபிறகு குடித்துப் பார்த்தேன். உப்பு கரித்தது.

மறுநாள் என் மனைவி ஸ்டவ்வும் ஒரு கைப்பிடி துவரம்பருப்புமாக வந்தாள். ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு அப்படியே முழித்துக்கொண்டிருந்தது.

“ஆறு தடவ வந்தியளே, வெயில்ல ஒரு தடவ வந்தியளா?” என்றாள். “எங்க சாத்தான்குளத்துல கெணறு பாத்துட்டுத்தான் பொண்ணே குடுப்பாவ. எங்கப்பாதான் பாக்காம குடுத்துட்டாரு.”

அடுத்து வந்த நான்கு குடும்பமும் கிணற்றடியிலிருந்தே திரும்பிப் போயின. வைகாசிக்குள் ஆள் வராவிட்டால் வீட்டை விற்றுவிடுவது என்று முடிவுசெய்தோம். தவணையை என் சம்பளம் அதற்கு மேல் தாங்காது.

தெருமுனைக் கடை அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். “பலகையக் கழட்டிப் போடுங்க சார். கார்த்திகையில மாட்டுங்க. வாரவன் குடிச்சுப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துருவான். ஒங்களுக்கு வித்தவரும் அப்பிடித்தான வித்தாரு?”

விற்றவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கார்த்திகை வரை அண்ணனிடம் கடன் கேட்டுச் சமாளித்திருக்கலாம்தான். இரண்டு நாள் யோசித்தேன். பங்குனி வரும்போது யாரோ ஒரு பெண் அந்த அடுப்படியில் வேகாத பருப்போடு நிற்பாள் என்ற நினைப்பு என்னை விடவில்லை. மூன்றாம் நாள் பலகையில் இன்னொரு வரி எழுதினேன்: ‘கிணற்றுத் தண்ணீர் கோடையில் உப்பு.’

கடை அண்ணாச்சி அதை வாசித்துவிட்டுக் கேட்டார்: “ஆள் தேடுதியளா, வெரட்டுதியளா?”

வைகாசி இரண்டாம் வாரம் கீழவைப்பாரிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அவனுக்குத் துறைமுகத்தில் வேலை, அவள் நர்ஸ். அவளும் கிணற்றடிக்குத்தான் போனாள். குடித்தாள், துப்பவில்லை.

“இதப் போயி உப்புன்னு எழுதி வச்சிருக்கிய. எங்க ஊருக்கு வந்து குடிச்சுப் பாருங்க சார்.”

“பருப்பு வேகாதும்மா. நாங்க வச்சுப் பாத்தோம்.”

“நாங்க மீன் கொழம்பு வைக்கவங்க சார்” என்றாள். “குடிக்கதுக்குத் தெருக் கொழாயில ரெண்டு கொடம் புடிச்சாப் போதும். இதோட ஏழு வீடு பாத்துட்டோம். மத்த எல்லாரும் தண்ணி இனிக்கும்னே சொன்னாவ.”

அன்றே அட்வான்ஸ் கொடுத்துச் சாவி வாங்கிக்கொண்டார்கள். வீடு கைவிட்டுப் போகவில்லை.

பதினோரு வருடம் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகளும் அங்கே இருக்கும்போது பிறந்தவர்கள்தான். ஒவ்வொரு வருடமும் மழை பிடித்துச் சில வாரம் கழித்து அவள் போன் செய்வாள்: “சார், தண்ணி இனிச்சிருச்சு.” அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் போய் ஆளுக்கொரு தம்ளர் குடித்துவிட்டு, மீன் குழம்புச் சாப்பாடும் முடித்துவிட்டு வருவோம். இப்போது எங்களுக்கு மூன்று வாடகை வீடுகள் இருக்கின்றன. மற்ற இரண்டுக்கும் வாடகை வாங்க மட்டுமே போகிறேன்.

அவர்கள் சொந்த வீடு கட்டிப் போய் மூன்று வருடமாகிறது. போன கார்த்திகையில் போன் அடித்தது. அவள்தான்.

“சார், கெணறு இனிச்சிருச்சா?”

போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்தேன்.