கட்டில் வாடகை

துபாயில் எனக்கு வீடு இல்லை, அறையும் இல்லை, கட்டில்தான் உண்டு. அதற்கு அங்கே பெட்ஸ்பேஸ் என்று பெயர். இரண்டடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டுக்கு வாடகை கொஞ்சம் கூட. முட்டி வலி வந்த பிறகு அதைத்தான் எடுத்தேன். மேலே படுத்திருப்பவர் புரண்டால் என் முகத்தில் தூசி விழும். நான் ஏசி மெக்கானிக். ஏற்காட்டு மலையில் விசிறிகூடத் தேவைப்படாத நாகலூரில் வளர்ந்தவன், ஊரார் அறையையெல்லாம் குளிர வைத்துவிட்டு வந்து அந்தக் கட்டிலில் வியர்த்துக் கிடப்பேன்.

ஊரில் என் சம்பளத்தை விசாரிக்காதவர் இல்லை. நாகலூர் பஸ்ஸில் ஏறினால் போதும், முன்சீட்டுக்காரர் திரும்பி, "அங்க எவ்வளவுங்க வருது?" என்பார். சொன்னால் உடனே ரூபாயாகப் பெருக்கிவிட்டு வாயைப் பிளப்பார். அதே பெருக்கலைக் கட்டில் வாடகைக்குப் போட்டுப் பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மெஸ்ஸுக்கும், லீவில் வரும்போது சொந்தபந்தமெல்லாம் எதிர்பார்க்கும் தைலத்துக்கும் சாக்லேட்டுக்கும் போட்டுப் பார்த்தவரும் இல்லை. ஒரு வீட்டுக்குத் தைலம் குறைந்தால் மட்டும் கணக்கு எல்லோருக்கும் நன்றாக வரும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அந்தக் காசில்தான் நாகலூரில் வீடு கட்டினேன். மணலும் செங்கல்லும் சேலத்திலிருந்து லாரியில் மலையேறி வரவேண்டும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் விலை ஏறும். காபித் தோட்டத்தைப் பார்த்த மாடி அறையை எனக்கென்றே கட்டினேன். இந்த முறை லீவில் வந்த முதல் சனிக்கிழமை, என் மனைவி என் பெட்டியைத் தூக்கிக் கீழே மூட்டை அடுக்கும் அறையில் வைத்தாள்.

"ஏனுங்க, பெங்களூர்ல இருந்து ஆளு வர்றாங்க. ரெண்டு நாளைக்குத்தானுங்க."

அவளும் அவள் அண்ணனும் சேர்ந்து மாடியை ஹோம்ஸ்டே ஆக்கியிருந்தார்கள். வாடகைக்கு விடுவதாகப் போனில் சொன்னபோது, நான் ஊரில் இல்லாத நாளுக்கு என்று நினைத்துக்கொண்டேன். மடையன். இரண்டு நாளும் காபி மூட்டைகளுக்கு நடுவே பாயில் படுத்தேன். மேலே யாரோ பாட்டுப் போட்டு ஆடினார்கள். தூசி மட்டும்தான் விழவில்லை.

ஏற்காட்டில் ஏரிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஃபிரிட்ஜும் ஹீட்டரும் பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள். சம்பளம் துபாயில் வாங்குவதில் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே கட்டில், மெஸ், டிக்கெட் எல்லாம் போக மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. வியர்க்காமல் தூங்கலாம். மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதை வாசலில் நின்று பார்க்கலாம். பெங்களூர்க்காரர்கள் காலி செய்த மறுநாள் சாப்பிடும்போது இதையெல்லாம் சொல்லி, "இனி நான் போகலைங்க மச்சான், இங்கயே இருந்துக்கறேன்" என்றேன்.

மச்சான் எஸ்டேட்டில் ரைட்டர், ஆள் கணக்கு எழுதியே பழகியவர். சோறு பிசைவதை நிறுத்தினார்.

"மாப்ள, ஒண்ண உட்டுட்டீங்களே."

"என்னதுங்க?"

"நீங்க இங்க இருந்தா மாடி ரூம்பு வாடகை போச்சுங்களே. சீசன்ல அது நொம்பப் பெரிய காசுங்க. அதையும் கழிச்சுப் பாருங்க."

நான் என் வீட்டில் படுப்பது இவர்களுக்குச் செலவு. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "என்ற ஊட்ல படுக்க நானே வாடகை குடுக்கோணுமா?" என்று கத்தினேன். மனைவி அண்ணன் முகத்தைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. அன்றே பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஹோம்ஸ்டே போர்டைப் பார்த்து வந்தவர்கள். புருஷன், பெண்டாட்டி, தோளில் தூங்கும் குழந்தை. நான் படியிலேயே மறித்து நின்றேன்.

"ரூம்பு இல்லைங்க. ஆள் இருக்குது."

"அடடா! எப்ப சார் காலியாகும்?"

"ஆகாதுங்க."

என் முதுகுக்குப் பின்னாலிருந்து மனைவி சிரித்த முகமாக எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் வாங்க. அவரு போயிருவாருங்க."