இரண்டு பேர் திருப்பிய திருகாணி

அன்று காலை பத்து இருபதுக்கு என் கணவர் சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்குரூட்ரைவர் ஒன்றை எடுத்தார். பத்தரைக்கு அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுக்கவேண்டும் என்று அப்போதுதான் மணிக்கூட்டைப் பார்த்திருந்தேன், அதனால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. தலையை நிமிர்த்தியபோது அவர் மேசைமேல் குனிந்து, மருமகனின் துவக்கின் பின்பக்கத்தில் இருந்த ஒரு சிறு திருகாணியை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். மருமகன் சற்றுத் தள்ளி, முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியில் கண்ணை வைத்து, தூரத்து அட்டையில் குண்டுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் ஸ்குரூட்ரைவர் பைக்குள் போய்விட்டது. என் கணவர் ஒன்றும் அறியாதவர்போல் வானத்தைப் பார்த்தார்.

மருமகன் வெள்ளைக்காரர். மெல்பேர்னிலேயே பிறந்து வளர்ந்து, ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் தச்சுவேலை படிப்பிப்பவர். உயரமானவர், அதிகம் பேசாதவர். என் மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அவரைச் சந்தித்து, படிப்பு முடிந்த கையோடு பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அந்த எழுபதுகளில் இங்கே எங்கள் ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலர் என்ன சொல்வார்களோ என்பதே என் கணவருக்குப் பெரும் பாரமாக இருந்தது. கலியாணத்துக்கு வந்தார், கோட்டும் சூட்டுமாக நின்றார், படம் எடுக்கும் நேரம் மட்டும் காற்று வாங்க வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாக மருமகனின் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வீட்டில் பேச்சு வந்தால் "அந்தப் பெடியன்." நேரில் கண்டால் ஒரு தலையசைப்பு. மருமகனும் அவரை என்னவென்று அழைப்பது எனத் தெரியாமல், பள்ளிப் பிள்ளைபோல "சேர்" என்றுதான் சொல்லுவார். என்னை மட்டும் மகள் சொல்லிக்கொடுத்தபடி "அம்மா" என்பார்.

அப்போது மகளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு என்பது எங்கள் வழக்கம். பேறு ஆஸ்பத்திரியில்தான், அது சரி. ஆனால் அதற்குப் பிறகு முப்பத்தோராம் நாள் வரைக்கும் தாயும் பிள்ளையும் என் கையில் இருக்கவேண்டும். முன்னறையில் கட்டில் போட்டு வைத்திருந்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் கறியில் போடும் சரக்குத்தூள் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா அனுப்பி, சுங்கத்தில் கிடந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு அதிகாரி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி வாங்கி வந்திருந்தேன். எல்லாம் இருந்தது. மகள் வருவாளா என்பதுதான் தெரியவில்லை.

"பிள்ளை வரட்டும், ஆர் வேண்டாமெண்டது? அவனுக்கு இஞ்ச என்ன வேலை?" என்றார் என் கணவர்.

"அவர் இல்லாமல் நான் வரமாட்டன், அம்மா. வந்தால் ரெண்டு பேரும்தான்," என்றாள் மகள், டெலிபோனில், தகப்பன் பேசும் அதே குரலில். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஓர் அச்சு. நடுவில் நின்று நான் இருபக்கமும் மாறி மாறிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மருமகன் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். தன் சனிக்கிழமைப் பொழுதுபோக்குக்காகப் பழைய கைத்துவக்கு ஒன்று வாங்கியிருப்பதாகவும், சிறிய இருபத்திரண்டு ரகக் குண்டு போடுவதென்றும், அது பார்க்கும் இடம் ஒன்று, சுடும் இடம் வேறொன்றாக இருக்கிறதென்றும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு மெதுவாக, "சேர் எஞ்சினியர். குறியைச் சரிசெய்ய எனக்கு உதவிக்கு வருவாரா?" என்றார். என் கணவர் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றிரவு சாப்பிடும்போது, நான் கேட்காமலே, "போய்ப் பாப்பம். அதுவும் ஒரு மெஷின்தானே," என்றார். வெள்ளிக்கிழமை மாலையே சப்பாத்தைத் துடைத்து வைத்துவிட்டார். இந்த ஒரு காலைப்பொழுது மட்டும் நல்லபடியாகப் போய்விட்டால் என் மகள் வந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் நானும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கடலை வடையும் எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

துவக்குக் கழகத்தின் மைதானம் டண்டினொங்குக்கு அப்பால், ஆடுகள் மேயும் வெளிக்கு நடுவில் இருந்தது. ஒரு நீண்ட தகரக் கொட்டில், அதன்கீழ் வரிசையாக மேசைகள், எதிரே அட்டைகள், அவற்றுக்குப் பின்னால் மண்மேடு. மேசைகளுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கயிறு. களப் பொறுப்பாளர் மணி அடித்து, எல்லோரும் துவக்கை வெறுமையாக்கி மேசையில் வைத்த பிறகுதான் அந்தக் கயிற்றைத் தாண்டலாம். வந்ததும் முதலில் எங்களுக்குச் சொன்னது அதைத்தான். சொன்னவர் சிரிக்கவில்லை.

மருமகன் பொறுமையாக விளக்கினார். துவக்கின் முனையில் ஒரு சிறு மேடு, பின்னால் ஒரு வெட்டு. வெட்டுக்குள் மேடு நடுவாக நிற்கவேண்டும். கையை மணல்மூட்டையில் ஊன்றி ஐந்து குண்டு சுடவேண்டும். ஐந்தும் எங்கே கூடி விழுகின்றன என்று பார்த்து, அந்தக் கூட்டத்தின் நடுவை எடுத்துக்கொண்டு, பிறகுதான் திருகாணியைத் தொடவேண்டும். குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் பின்வெட்டை நகர்த்தவேண்டும். கொஞ்சமாக. ஒற்றைத் துளையைப் பார்த்து அதன் பின்னால் ஓடக்கூடாது. என் கணவர் தலையாட்டினார். தொழிற்சாலையில் புது ஆட்களுக்கு அவர் சொல்லுவதும் அதுதானாம்.

முதலில் மருமகன் சுட்டு, ஓரளவு நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிறகு என் கணவர் அமர்ந்தார். ஐந்தும் இடது பக்கம் போயின. அப்போதுதான் நான் சொன்ன அந்தப் பத்து இருபது.

அவர் திருப்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தொலைநோக்கியிலிருந்து வந்த மருமகன், என் கணவர் என்னிடம் மாத்திரை வாங்கத் திரும்பிய நேரம் பார்த்து, தன் பெட்டியிலிருந்து ஒரு ஸ்குரூட்ரைவரை எடுத்து அதே திருகாணியை அதே பக்கம் திருப்பினார். எனக்கு மாத்திரைப் போத்தலின் மூடி கையிலிருந்து விழுந்துவிட்டது. அடுத்த ஐந்தும் வலது பக்கக் கரைக்குப் போயின. உடனே இருவரும், ஒருவர் பின்னால் ஒருவர், ஒருவருக்கும் தெரியாமல், இடது பக்கம் திருப்பினார்கள். அடுத்த ஐந்தும் இடது கரை. ஒரே கறிக்கு இரண்டு பேர் உப்புப் போட்டால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கேட்காமலும் சொன்னேன். தேத்தண்ணியை ஊற்றிக் கொடுக்கும் சாட்டில், "இஞ்சேருங்கோ, அவரும் அதைத் திருப்பிறார்," என்றேன்.

"எதை?"

"நீங்கள் திருப்பிறதைத்தான்."

"நான் எங்க திருப்பினனான்? அவன்ர சாமான். நான் ஏன் தொடுறன்? பேசாமல் இரும்."

மற்றவர் பொருளைக் கேட்காமல் தொட்டுவிட்டதை ஒப்புக்கொள்ள முடியாது, அதுதான் விஷயம். சரி என்று மருமகனிடம் போய் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "இல்லை அம்மா, அவர் தொடவில்லை. நான் கேட்டேனே. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் விசையைக் கொஞ்சம் வெடுக்கென்று இழுப்பதால்தான் குண்டு விலகுகிறது. நாலு பேருக்கு முன்னால் அப்பாவைத் திருத்தக்கூடாது என்று உங்கள் மகள் சொல்லி அனுப்பினாள். அதனால் அவருக்கு ஏற்றபடி நானே குறியை மாற்றிவிடுகிறேன். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்," என்றார்.

நான் போய் என் பிளாஸ்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது வருடம் பள்ளியில் படிப்பித்தவள் நான். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவள். இந்த இரண்டு பேரையும் ஒரு திருகாணியிலிருந்து கையெடுக்க வைக்க என்னால் முடியவில்லை. ஒருவர் மரியாதைக்காகப் பொய் சொல்கிறார். மற்றவர் மானத்துக்காகப் பொய் சொல்கிறார். நடுவில் என் மகளின் கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. ஈக்கள் முகத்தில் மொய்த்தன. வடையை ஒருவரும் தொடவில்லை.

மதியம் நெருங்கியபோது என் கணவரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கடைசியாக ஐந்து சுட்டார். மருமகன் நெடுநேரம் தொலைநோக்கியில் பார்த்தார்.

"மூன்றுதான் தெரிகிறது, சேர்."

"ஐந்து சுட்டேன். மற்ற இரண்டும் ஒரே துளையால் போயிருக்கும்."

"இருக்கலாம், சேர்," என்றார் மருமகன்.

அந்த "இருக்கலாம்"தான் எல்லாவற்றையும் கெடுத்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் என் கணவர் வாதாடியிருப்பார், வாதாடினால் ஆறியிருப்பார். சண்டைக்கு நிற்கிறவனுக்குத் தலையாட்டுகிறவனைப்போல எரிச்சல் தருவது ஒன்றுமில்லை. துவக்கை மேசையில் வைத்தார். எழுந்தார். தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் பிழை செய்தால் அதன் கிட்டப் போய்ப் பார்ப்பதுபோல, குனிந்து, அந்த வெள்ளைக் கயிற்றுக்குக் கீழால் நுழைந்து, தன் அட்டையை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

மணி அடிக்கவில்லை. மூன்று மேசை தள்ளி, நரைத்த தலைமுடிப் பெண் ஒருத்தி கையை நீட்டிக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள். களப் பொறுப்பாளர் கத்தியதும், ஒரு வெடி வெடித்ததும், மருமகன் மேசைக்கு மேலால் பாய்ந்ததும் எந்த ஒழுங்கில் நடந்தன என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. வெடித்த குண்டு அந்தப் பெண்ணின் அட்டைக்குத்தான் போனது என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் கண்டது, என் கணவரின் சட்டைக் கழுத்தை ஒரு பெரிய கை பிடித்து இழுத்ததையும் இருவரும் புல்லில் விழுந்ததையும் மட்டும். இன்றைக்கும் வீட்டுக் கொல்லையில் உடுப்புக் காயும் கயிற்றுக்குக் கீழால் யாராவது குனிந்து நுழைந்தால் என்னை அறியாமல் நில்லுங்கோ என்று கத்திவிடுகிறேன்.

மாமனாரின் கழுத்தில் மருமகன் கைவைப்பது, எங்கள் சனத்துக்குள் ஒரு குடும்பம் பத்து வருடம் பேசாமல் இருக்கப் போதும். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மருமகன் கையை எடுக்கவேயில்லை. வெளிறிய முகத்தோடு, அந்தச் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, கொட்டில் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "உமக்கு மூளை இருக்கிறதா? பேரப்பிள்ளை வரப்போகிறது! அந்த இரண்டும் துளையில் போகவில்லை, மண்ணில் போயின! விசையை நாயின் வாலை இழுப்பதுபோல் இழுக்கிறீர்! காலையிலிருந்து உமக்காகத்தான் அந்த ஆணியைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்!"

"நீ திருப்பினாயா? நான்தானே திருப்பினேன்!" என்றார் என் கணவர், ஆங்கிலத்தில், புல்லில் கிடந்தபடியே.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் பதினொரு மணிக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

களப் பொறுப்பாளர் துவக்கை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இரண்டு பேரையும் கொட்டிலுக்கு வெளியே ஒரு நீண்ட மர வாங்கில் இருத்தி, இந்த நிலையில் ஒருவரையும் கார் ஓட்ட விடமாட்டேன் என்று சாவியையும் வாங்கிக்கொண்டார். எனக்கு ஓட்டத் தெரியாது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, கழக அறையிலிருந்து என் மகளுக்கு டெலிபோன் செய்தார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாராம். அப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

வாங்கில் என் கணவர் கிழிந்த கொலரைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமில்லாத குரலில், "ஒண்டரை வருஷமா யெஸ் சேர், யெஸ் சேர் எண்டு என்ர உயிரைத் தின்னுறான். இந்த வாயை இவ்வளவு நாளும் எங்க வச்சிருந்தவன்?" என்றார். மருமகன் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லையே, அம்மா," என்றார். அதையும் தமிழில் சொன்னேன்.

"அப்ப இப்ப கேக்கிறன்," என்று என் கணவர் ஆங்கிலத்துக்கு மாறினார். "முதல் ஐந்துக்கு எவ்வளவு திருப்பினாய்?"

"கால் சுற்று."

"கால் சுற்றா? அது பெரிய பிழை. அரைக்கால் போதும்."

"நீர் விசையை இழுக்கும் விதத்துக்கு முழுச் சுற்றே போதாது."

தொடங்கிவிட்டது. என் கணவர் கீழே கிடந்த குச்சியால் மண்ணில் அட்டையைக் கீறினார். மருமகன் அதைக் காலால் அழித்துவிட்டு வேறொன்று கீறினார். குரல்கள் உயர்ந்தன. உயிர் தப்பியதைப் பற்றி ஒரு சொல்லில்லை, என்னைப் பற்றி ஒரு நினைப்பில்லை. சத்தம் கேட்டுக் களப் பொறுப்பாளர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு வடையை எடுத்துக் கடித்தேன்.

அப்போதுதான் மகளின் அயல்வீட்டுப் பெண்ணின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. கதவைத் திறந்து, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு என் மகள் இறங்கினாள். கண்கள் அழுது வீங்கியிருந்தன. முதலில் தகப்பனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். இரண்டு பேரும் அவள் வந்ததைக்கூடக் கவனிக்காமல், ஆளுக்கொரு குச்சியோடு, கால் சுற்றா அரைக்கால் சுற்றா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்று கேட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து, மெல்ல வாங்கில் அமர்ந்தாள்.

"இந்த ரெண்டு பேரோடயும் நான் எப்பிடியம்மா முப்பத்தொண்டு நாள் ஒரே வீட்டில இருக்கப் போறன்?" என்றாள்.